36 அங்குலத்துக்குள் எத்தனை உடம்பு?

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இஞ்ச் டேப்புக்கு முன்னால் நிற்பதில்லை. துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றையும் சுருட்டிக் கொடுத்து, "அக்கா, இதே அளவுதான். கழுத்து மட்டும் அரை இஞ்சு இறக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அக்காவும் அந்த அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, தையலுக்கு விட்டு வெட்டிவிடுவார். தெருவில் பத்து வீட்டுக்குக் கச்சிதமாகத் தைப்பவருக்கும் தனக்குத் தைத்துக்கொள்வது மட்டும் சிக்கல். முதுகில் எங்கே சுருக்கம் விழுகிறது என்று அவரால் பார்க்கவும் முடியாது, அங்கே குண்டூசி குத்திப் பிடிக்கவும் முடியாது.

தையல் பொம்மைக்கு வேலை வருவது இங்கேதான். தலையும் கையும் இல்லாமல் ஒற்றைக் கம்பில் நிற்கும் இந்த உருவத்தை முன்பு தையல் பயிற்சி நிலையங்களிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும்தான் பார்க்க முடியும். இப்போது போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தகுதியுள்ள பெண்களுக்குத் தையல் மிஷின் இலவசமாகக் கிடைக்கும். பொம்மைக்குக் கைக்காசுதான் போட வேண்டும். "நமக்கு 36, அதனால் 36 பொம்மை" என்று எடுத்துவிட்டால் அந்தக் காசு வீண்.

சுற்றளவு சொல்லாதது

இஞ்ச் டேப் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: சுற்றி வர எவ்வளவு தூரம். எந்த வடிவத்தைச் சுற்றி வந்தோம் என்பது அதற்குத் தெரியாது. மார்புப் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய ஒரு நீள்வட்டம். பக்கவாட்டில் 13½ அங்குலமும் முன்பின்னாக 9 அங்குலமும் உள்ள நீள்வட்டத்தின் சுற்றளவு 36-ஐ ஒட்டி வரும். 12½-க்கு 10½ என்ற நீள்வட்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே 36தான். முதலாமவர் அகன்ற தோள்காரர், இரண்டாமவர் நெஞ்சுக்கூடு உருண்டவர். ஒருவர் ஜாக்கெட் இன்னொருவருக்கு அமையாது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. பக்கத் தையல் வரும் இடத்தில் குறி வைத்து, முன்னால் தனியாகவும் முதுகில் தனியாகவும் அளந்து பாருங்கள். ஒருவருக்கு முன்னால் 20, பின்னால் 16 வரும். இன்னொருவருக்கு 18½, 17½ வரும். இரண்டையும் கூட்டினால் 36தான். கடையில் விற்கும் பொம்மை இதில் ஏதோ ஒரு பங்கீட்டை மட்டும் வைத்துச் செய்தது.

டாட் செய்யும் வேலை

தட்டையான துணி உருண்டையான உடம்பில் எப்படி உட்காருகிறது? 1827-ல் ஜெர்மன் கணித மேதை காஸ் இதற்கு அடிப்படை போட்டார். தட்டையான பரப்பை நீட்டாமலும் கிழிக்காமலும் உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக மடக்கலாம். கோளமாக ஆக்க முடியாது. கை உருளைக்குப் பக்கத்தில் வருவதால் ஜாக்கெட்டில் கை தைப்பது எளிது. மார்பு அப்படி இல்லை. அங்கே துணியில் ஓர் ஆப்பைப் பிடித்து மடித்துத் தைத்தால்தான் குழிவு வரும். அதுதான் டாட். பதநீர் குடிக்க ஓலையை விரித்து, முனையை மடக்கிக் கட்டி, பட்டை பிடிக்கிறோமே, அதிலும் இதே கணக்குதான்.

டாட்டின் கோணம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு குழிவு கிடைக்கும். ஆனால் டாட் முடியும் இடம் கூம்பின் நுனிபோலக் கூராக நிற்கும். உடம்பு கூராக இருக்காது. அதனால்தான் மார்பு முனைவரை தைக்காமல் சற்று முன்னாலேயே டாட்டை நிறுத்துகிறார்கள். ஒரே பெரிய டாட்டை மூன்று, நான்காகப் பிரிப்பதும், பிரின்சஸ் கட் போடுவதும் அந்தக் கூர்மையைப் பரவலாக்கத்தான்.

துணி இன்னொரு வழியிலும் வளைந்து கொடுக்கிறது. ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1878-ல் பாரிஸ் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஆடை வெட்டுவதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். நெய்த துணியில் பாவு நூலும் ஊடு நூலும் பெரிதாக நீள்வதில்லை. அவை சந்திக்கும் கோணம்தான் மாறுகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. அதை வைத்து ஒரு பந்துக்கு உறை வெட்டும் வழியைக் கணக்குப் போட்டார். டூ பை டூ துணியை நேராக இழுத்தால் அசையாது, மூலைக்கு மூலை இழுத்தால் இளகும். கிராஸ் கட் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்பதன் ரகசியம் அதுதான்.

ஆகவே பொம்மையில் நாம் தேட வேண்டியது எண்ணை அல்ல, வளைவை. வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே உச்சம், இரண்டு உச்சத்துக்கும் இடைவெளி என்ன என்பதுதான் ஜாக்கெட்டின் தலைவிதியை எழுதுகிறது.

யாருடைய சராசரி?

சைஸ் என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1939-40-ல் அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களிடம் ஆளுக்கு 59 அளவுகள் எடுத்தது. 1958-ல் அங்கே வந்த பெண்கள் ஆடை அளவுத் தரத்துக்கு அது அடித்தளமானது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 'இந்தியாசைஸ்' என்ற பெயரில் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. இந்தியர்களுக்கென்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்பதே நோக்கம்.

அட்டவணை தேவைப்படுவது ரெடிமேடுக்கு. கோவில்பட்டிக்குத் தெற்கே புதியம்புத்தூரில் நைட்டியும் குழந்தைகள் உடையும் மொத்தமாகத் தைக்கிறார்கள். தொளதொளவென்று இருக்கும் நைட்டிக்கு சராசரி போதும். உடம்பை ஒட்டி நிற்கும் ஜாக்கெட்டுக்கு சராசரி உதவாது.

எதை வாங்கலாம்?

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் ஃபைபர் பொம்மை. பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் குண்டூசி இறங்காது. இடை ஒடுங்கி, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சேலை காட்டத்தான் அது சரி.

இரண்டாவது, திருகைத் திருப்பினால் பெரிதாகும் பொம்மை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் விரிவது முன், பின், இரு பக்கம் என எல்லாப் பக்கமும் ஒரே சீராக. நமக்குக் கூட வேண்டியது முன்னால் மட்டும் என்றாலும் முதுகும் சேர்ந்தே விரியும். மார்பு முனைகள் விலகிப் போகும். பிளந்த இடத்தில் ஊசி குத்தினால் பிடிமானம் இருக்காது.

மூன்றாவது, துணி போர்த்திய, ஊசி இறங்கும் ஒரே சைஸ் பொம்மை. ஜாக்கெட்டுக்கு இதுவே மேல். எந்த சைஸ் என்பதை மார்புச் சுற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோள் அகலத்தையும், அக்குளை ஒட்டி வரும் மேல்மார்புச் சுற்றையும் பாருங்கள். அவை எலும்பின் அளவுகள். பொம்மையில் சதையைக் கூட்டலாம், தோளைச் செதுக்க முடியாது. இரண்டு சைஸுக்கு நடுவே வந்தால் சின்னதை எடுங்கள்.

பிறகுதான் உண்மையான வேலை. காடாத்துணியில் உடம்புக்கு ஒட்ட ஒரு மாதிரி ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு, மதினியையோ தங்கச்சியையோ முதுகில் தொங்கும் இடத்தைக் குண்டூசியால் பிடிக்கச் சொல்லுங்கள். அதைத் திருத்தி, பொம்மைக்கு உறையாக மாட்டுங்கள். வழக்கமாகப் போடும் பிராவை உள்ளே மாட்டி, காலியான இடங்களில் பஞ்சைத் திணியுங்கள். இலவம் பஞ்சின் இழை உள்ளீடற்றது; நாளாக அமுங்கிவிடும். பருத்திப் பஞ்சோ வெட்டுத்துணியோ இறுகி நிற்கும்.

நிமிர்வையும் பாருங்கள். நூலில் ஒரு சாவியைக் கட்டிக் காதுமடலிலிருந்து தொங்கவிட்டால், நேராக நிற்பவருக்கு அது தோள்முனையை ஒட்டி இறங்கும். மணிக்கணக்கில் மிஷின் முன் குனிபவர்களுக்குத் தோள் முன்னே வந்திருக்கும். முதுகு நீளம் கூடி, முன் நீளம் குறையும். பொம்மையின் மேல்முதுகில் பஞ்சு வைக்காவிட்டால், அதில் சரியாக நிற்கும் ஜாக்கெட் உங்கள் மேல் பின்னால் ஏறிக்கொள்ளும்.

பொம்மையால் ஆகாதது

பொம்மை மூச்சு விடாது. ஆழமாக மூச்சிழுத்தால் மார்புச் சுற்று ஓரிரு அங்குலம் கூடும். பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் ஆர்ம்ஹோல் இழுபடும். குடத்தைத் தூக்க முன்னால் குனிந்தால் முதுகு விரியும். கொக்கி தெறிப்பதும் அக்குளில் தையல் விடுவதும் இப்படித்தான். அந்தச் சோதனையை உடம்பில்தான் செய்ய வேண்டும். கூரைக்கு ஷீட் போட்ட அறையின் கோடை வெக்கையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஃபோம் சில வருடங்களில் பொடிந்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

தெருவுக்குத் தைத்துக் கொடுப்பவர் பொம்மைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வருகிற உடம்புகள் பத்து விதம், பொம்மை ஒரு விதம். தனக்கே தைத்துக்கொள்பவருக்கும், ஒவ்வொரு தடவையும் கூட நின்று ஊசி குத்த ஆள் இல்லாதவருக்கும் அது உதவும். ஆரி வேலை செய்பவருக்கும் உதவும். தைப்பதற்கு முன்பே துணியில் வேலை முடிந்துவிடுவதால், கழுத்து இறக்கம் தப்பினால் மொத்த உழைப்பும் போய்விடும்; கோடு போட்டதும் பொம்மையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வகையில் சேர்ந்தாலும் முதல் செலவு காடாவுக்கு. மாதிரி ஜாக்கெட் ஒன்று சரியாக அமைந்து, அதைப் பிரித்துக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்டால், சாதாரண ஜாக்கெட்டுக்கு அதுவே வருடக்கணக்கில் போதும். அதற்கு மேலும் தேவை இருக்கிறது என்று தோன்றினால் பொம்மையை ஆர்டர் போடுங்கள்.