சிவப்பு பூசிய அடிபம்புகள்

வங்கதேசம் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத நாடு. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மேல்தான் அதன் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. ஆனாலும் 1971இல் அந்த நாடு பிறந்தபோது அதன் கிராமங்களில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது தண்ணீர்தான். குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு கழுவுவதும் குளத்தில். குடிக்க மொண்டுவருவதும் அதே குளத்தில். காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டு தவறாமல் வந்தன. 1970 நவம்பரில் வீசிய பெரும்புயலும் அதையடுத்து வந்த போரும், ஏற்கெனவே வறுமையில் இருந்த மக்களை நிர்க்கதியாக்கியிருந்தன. பல நாடுகளிலிருந்து உதவித் திட்டங்கள் வந்தன. அவற்றுள் பெரிதும் வெற்றி பெற்று, பிறகு பெருந்துயரமாக மாறியது குழாய்க் கிணற்றுத் திட்டம்.

மண்ணடுக்குகளில் வடிந்து இறங்கும் நீரில் நோய்க்கிருமி இருக்காது என்பது திட்டத்தின் அடிப்படை. யுனிசெஃப் பணமும் பொருளும் தந்தது; அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை கிணறுகளை இறக்கியது. வண்டல் மண் இளக்கமானது என்பதால் பெரிய எந்திரம் தேவைப்படவில்லை. சில ஆட்கள் மூங்கில் சாரம் கட்டி, ஓரிரு நாளில் கையாலேயே குழாயை இறக்கிவிடுவார்கள். மேலே ஒரு வார்ப்பிரும்பு அடிபம்பு, அவ்வளவுதான். உள்ளூர்ப் பட்டறைகள் பம்பு வார்க்கக் கற்றுக்கொண்டன. கிணறு இறக்கும் மேஸ்திரிகள் ஊருக்கு ஊர் உருவானார்கள். விரைவிலேயே, உதவிப் பணத்தில் இறங்கிய கிணறுகளைவிடப் பல மடங்கு கிணறுகளைக் குடும்பங்கள் சொந்தக் காசில் இறக்கிக்கொண்டன. 1990களில் கிராமத்து மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அடிபம்பு நீரையே குடித்தார்கள். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 1960இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 250ஆக இருந்தது, 1996இல் 112ஆகக் குறைந்தது. உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் தடுப்பூசிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் கிணறுகளை விட்டுவிட்டு இந்த மாற்றத்தைப் பேச முடியாது.

அந்த அடிபம்பு நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை; கொதிக்கவைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை ஏற்கிறது; வங்கதேச அரசின் வரம்பு 50. பல கிணறுகளில் அது நூற்றுக்கணக்கில் இருந்தது. இதைக் கொண்டுவந்து கலந்த தொழிற்சாலை எதுவும் இல்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்த மணல் துகள்களின்மேல் இரும்புத் துருப் படலம் உண்டு. ஆர்செனிக் அதில் ஒட்டியிருக்கும். வண்டலோடு புதைந்த தாவரப் பொருள்களைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அந்தத் துருவைக் கரைக்கும்போது ஆர்செனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. மேற்கு வங்கம், பீகார், நேபாளத்தின் தராய், வியட்நாமின் செவ்வாற்றுப் படுகை, கம்போடியாவின் மெகாங் கரை எங்கும் இதே சிக்கல்தான். கொடுமை என்னவென்றால், ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும் அடுத்த வீட்டுக் கிணறு நல்ல நீராகவும் இருக்கும். சோதித்தால் ஒழியத் தெரியாது.

நஞ்சு மெதுவாக வேலை செய்கிறது. பெரும்பாலும் பல ஆண்டுகள் குடித்த பிறகே நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்தாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் பாதமும் தடித்துக் காய்த்துப் போகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். தொற்றுநோய் என்று அஞ்சிப் பாதிக்கப்பட்டவர்களை ஊரார் ஒதுக்கிவைத்தார்கள். புள்ளி விழுந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. மணமானவர்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கத்தில், இந்தியாவில், எச்சரிக்கை முன்பே எழுந்திருந்தது. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகளிடம் ஆர்செனிக் பாதிப்பைக் கண்டறிந்தார். அவரிடம் வந்தவர்களில் வங்கதேசத்தவரும் இருந்தார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி, அபாயத்தை வலியுறுத்தியபடியே இருந்தார். வங்கதேச அரசுத் துறை சாபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில் அதை உறுதிசெய்தது 1993இல். இடையில் பத்து ஆண்டுகள். 1970களில் ஆர்செனிக் சோதனை வழக்கத்தில் இல்லை என்ற விளக்கத்தில் நியாயம் உண்டு. 1983க்குப் பிறகு அந்த நியாயம் செல்லாது. அப்போதும் கிணறுகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம், தன் அரசின் உதவிப் பணத்தில் வங்கதேசக் கிணறுகள் சிலவற்றின் நீரைப் பல தனிமங்களுக்காகச் சோதித்தது. ஆர்செனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை, அந்த நிறுவனத்துக்கு அவர்பால் சட்டப்படியான பொறுப்பு இல்லை என்று 2006இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உதவி பெறும் ஏழை யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது என்ற கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. உதவி அமைப்புகளின் நடைமுறையிலும் அதற்குத் தெளிவான விடை இல்லை.

அதே நிலவியல் நிறுவனமும் அரசுத் துறையும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வுதான் உண்மையின் அளவைக் காட்டியது. ஆழம் குறைந்த கிணறுகளில் 27 விழுக்காடு அரசு வரம்பைத் தாண்டியிருந்தன. சுமார் 3.5 கோடிப் பேர் அந்த நீரைக் குடித்துவந்தார்கள். வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நச்சேற்றம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000இல் வந்த கட்டுரை இதைக் குறிப்பிட்டிருந்தது.

உலக வங்கியும் பிறரும் பணம் தர, சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. வரம்பைத் தாண்டிய பம்புக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. சிவப்பு பெற்றவை ஏறக்குறைய 14 லட்சம். இந்த எளிய வழி நிறையவே உதவியது. டாக்காவை அடுத்த அராய்ஹசாரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், தம் கிணறு கெட்டது என்று அறிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறியது தெரிந்தது. செய்தி சொன்னதே போதுமானதாக இருந்தது. பெண்களுக்குத்தான் நடை கூடியது. அடுத்தவர் வாசலுக்குப் போய்க் காத்து நிற்கவேண்டியும் வந்தது. ஆனால் திட்டம் முடிந்ததும் சோதனையும் நின்றுபோனது. வர்ணம் மழையில் கரைந்தது. பிறகு இறங்கிய லட்சக்கணக்கான புதுக் கிணறுகள் எந்த நிறமும் பெறவில்லை. ஒரு கிணற்றைச் சோதிக்க ஆகும் செலவு, அதை இறக்கும் செலவில் மிகச் சிறு பங்குதான். அப்படியும் பணம் கொடுத்துச் சோதிக்க விரும்பிய குடும்பத்துக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை.

மாற்று வழிகளும் வந்தன. தோண்டு கிணறு, குளத்து நீரை வடிகட்டும் மணல் தொட்டி ஆகியவற்றில் பழைய கிருமிகள் திரும்பின. வேதியியலாளர் அபுல் உசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி 2007இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றது; பல வீடுகளில் அது பயன்பட்டது. பெரிதும் நம்பத்தக்கது 150 மீட்டருக்குக் கீழே போகும் ஆழ்குழாய்க் கிணறு. அதன் செலவு ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. ஊருக்கே பொதுவாக அரசுதான் இறக்கவேண்டும். இங்கே அரசியல் நுழைந்தது. புதிய கிணறுகளில் பாதி எங்கே அமைய வேண்டும் என்பதில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் செல்வாக்கு இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2016இல் வெளிப்படுத்தியது. செல்வாக்குள்ளவர் வீட்டு முற்றத்தில் கிணறு வந்தது. சிவப்புப் பம்புகள் நிறைந்த ஏழைத் தெருவுக்கு வரவில்லை. அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் வரம்புக்கு மேல் ஆர்செனிக் உள்ள நீரைக் குடித்துவந்தார்கள்.

ஆழத்து நீருக்கும் ஓர் அபாயம் இருக்கிறது. மழையில்லாப் பருவத்து நெல்லான போரோ சாகுபடி நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. மேல்மட்ட நீரைப் பாய்ச்சுவதால் வயலிலும் அரிசியிலும் ஆர்செனிக் சேர்கிறது. அதைத் தவிர்க்கப் பாசன மோட்டார்கள் ஆழத்து நீரை உறிஞ்சத் தொடங்கினால், மேலுள்ள நச்சுநீர் மெல்லக் கீழே இழுக்கப்படும். ஆழ நீரடுக்கைக் குடிநீருக்கு மட்டுமே ஒதுக்கவேண்டும் என்று நீரியல் அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். அதற்கு வேண்டியது சட்டமும் அதைக் கண்காணிக்கும் உள்ளூர் அலுவலகமும். ஆண்டுக்கு ஆண்டு சம்பளம் பெறும் ஊழியர்களும், மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களும். சில ஆண்டுகளில் முடியும் உதவித் திட்டத்தின் பட்ஜெட்டில் இவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது.