அடுக்குமாடியும் அட்வான்ஸும்

அட்வான்ஸ் வாங்காமல் ஆர்டர் எடுத்து, வந்திறங்கிய மிளகாய் வற்றலை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டவன் நான். வட அமெரிக்காவின் வானளாவிய கட்டடங்களிலும் இதே கணக்குதான் என்பதை வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டும்.

நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-ல் திறந்தபோது பொருளாதார மந்தம். வாடகைக்கு ஆளில்லை. 'எம்ப்டி ஸ்டேட்' என்று ஊரே கேலி செய்தது. சிகாகோவில் 150 மாடிக்கென்று 2007-ல் வேலை ஆரம்பித்தார்கள்; மறு வருடமே பணம் நின்றது. அப்போது பள்ளம்தான் மிஞ்சியது.

மயாமிக்காரர்கள் 2008 வீழ்ச்சியில் பாடம் படித்தார்கள். அதன்பின் கட்டி முடிப்பதற்குள்ளேயே பாதி விலை வரை ரொக்கமாக வாங்கினார்கள். பாதிப் பணம் போட்டவன் லேசில் பின்வாங்குவானா?

டொரான்டோவில் வாங்கியது சுமார் 20 சதவீதம், அதுவும் தவணையில். சுமார் 70 சதவீத வீடுகள் விலைபேசப்பட்டால் கட்டுபவருக்கு வங்கிக் கடன் கிடைத்துவிடும். வட்டி மலிவாக இருந்தவரை பிரமாதமாக ஓடியது. கனடா மத்திய வங்கி வட்டியோ 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5! சாவி வாங்கும் நேரத்தில் மீதி 80 சதவீதத்துக்குக் கடன் கிடைக்காமல் பலர் திண்டாடினர். புதிய முன்பதிவும் படுத்துவிட்டது. அந்நகரின் 'தி ஒன்' என்ற உயரமான கட்டடம், 2023 அக்டோபரில் பாதி வேலையோடு கோர்ட் நியமித்த ரிசீவர் கைக்குப் போயிற்று.