உங்க ஊர் ஏரியில் எத்தனை பறவை? எண்ணிச் சொல்லுங்க!

கையில் ஸ்மார்ட்போன் இருக்கா? ஜனவரியில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க முடியுமா? அப்படின்னா நீங்களும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்கலாம்.

எதற்காக எண்ண வேண்டும்?

மங்கோலியா போன்ற நாடுகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள், இமயமலையைத் தாண்டி, திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரை வருகின்றன. கோடியக்கரைக்குப் பூநாரைகளும் உள்ளான்களும் வருகின்றன. ஏரி தூர்ந்துபோனால், குப்பைமேடாக மாறினால் பறவைகளின் வரத்தும் குறையும். ஆனால், "முன்னெல்லாம் நிறைய வரும்" என்ற வாய்வார்த்தை மட்டும் ஏரியைக் காப்பாற்றாது. வருஷா வருஷம் எடுத்த கணக்கு வேண்டும்.

1971-இல் உருவான ராம்சர் உடன்படிக்கையே இதற்குச் சான்று. ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கினால், அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்ததாகக் கருதப்படத் தகுதி பெறும். எண்ணாமல் இதை எப்படி நிரூபிப்பது?

எப்போது நடக்கிறது?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வலசை வந்த பறவைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் காலம் அது. தமிழ்நாடு வனத்துறையும் தன்னார்வலர்களோடு சேர்ந்து பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. சேர விரும்புவோர் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இ-பேர்டு செயலியை இலவசமாகப் பதிவிறக்கி, கணக்குத் தொடங்குங்கள். ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு செய்யலாம், பிறகு அனுப்பிக்கலாம்.

2. காலையில் போங்க. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும்.

3. பெரிய கூட்டமா? முதலில் 10 பறவைகளை எண்ணி, அந்தக் கொத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதே அளவில் மொத்தக் கூட்டத்தையும் கணக்கிடுங்கள்.

4. அடையாளம் தெரியலையா? ஊகித்து எழுத வேண்டாம். "வாத்து இனம்" என்று பொதுவாகக் குறித்தாலே போதும்.

5. படம் எடுக்க நெருங்கிப்போய்ப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்தவை. இரை தேடவும் ஓய்வெடுக்கவும் அவற்றுக்கு அமைதி தேவை.

ஒன்றுமே இல்லையென்றால்?

அதையும் பதிவு செய்யுங்கள். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்று செயலி கடைசியில் கேட்கும். நீங்கள் "ஆம்" என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். காகமும் மைனாவும் மட்டும் இருக்கும் பட்டியல்கூட அந்த ஏரியின் நிலையைச் சொல்லிவிடும்.

ஒருமுறை எண்ணியதோடு விட்டுவிடாதீங்க. அடுத்த ஜனவரியிலும் அதே ஏரிக்கு, அதே நேரத்தில் போங்க. இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியும்.