பத்து ரூபாயின் இரு வழிகள்

குறிக்கோள் இல்லாத குடும்பம் இல்லை. ஒருவருக்குச் சொந்தத் தறி வேண்டும். மற்றொருவருக்கு அடகிலுள்ள நகை மீள வேண்டும். பிறிதொருவருக்கு மகளின் படிப்பு தடையின்றி நிறைவேற வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் இவற்றை எண்ணாதவர் அரியர். ஆண்டின் இறுதியில் எய்தியவரும் அரியரே. இதற்குக் காரணம் விருப்பக் குறைவன்று. தொலைவிலுள்ள நோக்கத்திற்கும் இன்றைய செயலுக்கும் இடையே கணக்கு எதுவும் போடப்படாமையே காரணமாகும்.

சிறுகச் செய்து பெரிதாக முடிக்கும் கலையை நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அங்குலத்திற்கு 60 ஊடை இழை வீதம் 6 கெஜச் சேலை ஒன்றை நெய்வதற்கு, நாடா 12,960 முறை பாவின் குறுக்கே ஓட வேண்டும். அவற்றுள் எந்த ஓட்டமும் தனியே பெரிதன்று. எதையும் விட்டுவிடவும் இயலாது. தறியில் நாம் அறிந்த இவ்வுண்மை, வீட்டுக் கணக்கில் மட்டும் மறந்து போகிறது.

கூட்டுறவின் வரலாறும் இதையே கூறுகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் தமக்கென ஒரு கடை வேண்டுமென விரும்பினர். ஆளுக்கு ஒரு பவுண்டு பங்குத் தொகை. அதாவது அந்நாளைய கணக்கில் 240 பென்ஸ். அவ்வளவு பணம் எவர் கையிலும் ஒருசேர இல்லை. ஆதலின் வாரந்தோறும் 2 பென்ஸ், பின்னர் 3 பென்ஸ் எனத் திரட்டினர். 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களுடன் கடை திறந்தது. 1860க்குள் அங்கத்தினர் தொகை மூவாயிரத்தைக் கடந்தது. 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்திற்கும் அவர்களது நெறியே முன்மாதிரியாயிற்று.

“கூலி அன்றாடச் செலவுக்கே போதவில்லை, நாளொன்றுக்குப் பத்து ரூபாய் எங்ஙனம் மிச்சம் பிடிப்பது?” என வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், வெளியில் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் கடன் பெற்றவரின் நிலையைக் காண்போம். அவர் மாதம் 300 ரூபாய் வட்டி செலுத்துகிறார். அஃது ஏறத்தாழ நாளொன்றுக்குப் பத்து ரூபாயே. பத்தாண்டு செலுத்தினும் அசலில் ஒரு காசும் குறையாது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இயலாத வீட்டிலிருந்தே அப்பத்து ரூபாய் நாள்தோறும் வெளியேறுகிறது.

அதே வீடு பெருமுயற்சி செய்து நாளுக்கு மேலும் பத்து ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். மாதந்தோறும் 600 ரூபாய் செலுத்தி, வட்டி போக எஞ்சியதை அசலில் கழித்து வந்தால், 24ஆம் மாதத்தில் கடன் முழுதும் தீரும். சிறு தொகையை அசலில் வரவு வைக்கக் கடன் கொடுத்தவர் மறுப்பாராயின், வட்டியைத் தனியே செலுத்திக்கொண்டு, மாதம் 300 ரூபாயைச் சங்கத்தில் சேமித்து, 34 மாதங்களில் மொத்தமாக அடைக்கலாம். அதன்பின் அவ்விரு பத்து ரூபாயும் குடும்பத்துக்கே உரியவை.

இம்முடிவை எடுக்கும் இடமும் நேரமும் முக்கியமானவை. கூலியைக் கையில் வாங்கி, கடைத்தெருவைக் கடந்த பிறகு முடிவு செய்தல் அரிது. கூலி பட்டுவாடா ஆகும் இடத்திலேயே, சங்கத்தின் சிக்கன வைப்பிலோ தொடர் வைப்பிலோ முதலில் செலுத்திவிட்டு, எஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். மழைக்காலத்தில் பாவோட இடமிராது, குழித்தறியில் ஈரம் ஏறும், கூலி குறையும். ஆகவே நிலையான தொகையைக் காட்டிலும், கூலியில் இத்தனை பங்கு என வகுத்துக்கொள்வது நலம். குறைந்த கூலியிலும் அவ்வழக்கம் அறாது.

விவசாயிக்கு நாள்தோறும் வருமானம் இல்லை. அவர் நாள்தோறும் செய்யத்தக்கவை வேறு: காலையில் வயலைச் சுற்றிப் பார்த்தல், பூச்சித் தாக்குதலைத் தொடக்கத்திலேயே காணுதல், விதை, உரம், ஆட்கூலி ஆகிய செலவுகளை அன்றன்றே குறித்தல். விளைபொருள் விற்ற நாளிலோ, தொகை வீடு சேருமுன் பயிர்க்கடன் தவணையைப் பிரித்து வைத்தல் வேண்டும். தவணை தவறினால் வட்டிச் சலுகை கைநழுவும்.

நோய், திருமணம், துக்கம் ஆகியவற்றால் ஒரு வாரம் தவறுதல் இயல்பே. இழை அறுந்தால் நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை, முடிந்துவிட்டுத் தொடர்கிறார். தவறிய வாரத்தை எண்ணி வருந்துவதினும், அடுத்த வாரம் தவறாதிருத்தலே தேவை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நோக்கம் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய தொகையை நாள்களால் வகுத்துப் பார்ப்பாராக. வரும் எண்ணைக் குடும்பத்தார் அனைவரும் அறியச் சொல்லி, அடுத்த பட்டுவாடா நாளன்றே முதல் தொகையைச் செலுத்துவாராக.