இரண்டாம் கியரில் றம்பொடை

லொறிக்கு மலை ஏறுவதுதான் கஷ்டம் என்று காரில் போகும் நாங்கள் நினைக்கிறோம். ஏறும்போது பிழைவிட்டால் லொறி நின்றுவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், கிளீனர் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைப்பார், அவ்வளவுதான். இறங்கும்போது பிழைவிட்டால் லொறி நிற்காது. கண்டியைச் சுற்றி லொறி ஓடுபவர்களின் பயமெல்லாம் இறக்கத்தில்தான்.

நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறியைப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை தாண்டிக் கம்பளையைத் தொடும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கியிருக்கும். லொறியும் சாமானும் சேர்ந்து பத்துத் தொன் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியை வெப்பமாக்கினால், 400 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை விழுங்கும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும்.

பிரேக்கிடம் முழுவதையும் விட்டால் என்ன நடக்கும்? டிரம் சூடேறும், லைனிங்கின் பிடிப்புக் குறையும், கருகல் மணம் வரும். எண்ணெய் பிரேக் உள்ள சிறிய லொறிகளில் இன்னொன்றும் நடக்கலாம். எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். சாரதி மிதிக்கிறார், லொறி கேட்காது.

அதனால்தான் எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்லிக்கொடுப்பார்கள். சின்னக் கியரில் சில்லுகள்தான் எஞ்சினைச் சுற்றவைக்கின்றன, அந்த இழுபறியே வேகத்தைப் பிடித்து வைக்கிறது. பெரிய லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் உண்டு. புகைக்குழாயை ஒரு வால்வு அடைத்துக்கொள்ள, வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்து எஞ்சின் முக்கும். இறக்கத்தில் கேட்கும் அந்த நீண்ட சீறல் அதுதான். ஆனால் பழைய வாக்கை இன்று அப்படியே எடுக்க முடியாது. புதிய எஞ்சின்கள் பலசாலிகள், மூன்றாம் கியரிலேயே ஏறிவிடும். அதே மூன்றில் பாரத்தோடு இறங்கினால் போதாது, இரண்டுக்கு வர வேண்டும். அதையும் இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். நடுவில் மாற்றப் போய்க் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், பிறகு பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது புரிகிறது. ஆனால் கணக்குப் பிழை. கியரில் இருக்கும்போது எக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க டீசல் குடிக்கும்.

பேராதனை வந்தால் வேறு உலகம். நெரிசலில் ஊர்ந்து கட்டுகஸ்தோட்டை போய், மாத்தளை வழியாகத் தம்புள்ளை. எசல பெரஹர நாட்களில் மாலைக்குப் பிறகு கண்டி நகர வீதிகளை நம்பி வர முடியாது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியதிலிருந்து மலையக மரக்கறிகளில் பெரும்பகுதி அங்கே இறங்கி, அங்கிருந்துதான் நாடெங்கும் பிரிகிறது. சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதால் ஓட்டம் பெரும்பாலும் இரவில்தான்.

இந்தியச் சாரதிகள் கேட்டால் சிரிப்பார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதி முழுவதுமே 321 கிலோமீற்றர்தான், அவர்களுக்கு அது அரை நாள் ஓட்டம். இங்கே தூரத்தை விட நேரம்தான் ஆளைத் தின்னும். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், எத்தனை இஞ்சி பிளேன்டீ குடித்தாலும் சரி. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை றம்பொடைப் பக்கம் கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நுவரெலியாவிலிருந்து இறங்கும் அதே பாதையில்தான். கிளீனர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதும் சம்பளத்துக்குரிய வேலை என்றே நான் சொல்வேன்.

வடக்கே போகும் லொறிகள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி ஒரு நடை நடந்த பிறகுதான் மறுபடி ஏறுவார்கள். கும்பிடு ஒரு பக்கம் இருக்கட்டும், தூக்கத்தை முறிக்க அந்தக் கால் மணி நேரம் நல்ல மருந்து.

திரும்பும்போது ஏற்றச் சாமான் கிடைக்காவிட்டால் வெறும் லொறிதான். பாரமில்லை, இனிப் பயமில்லை என்று தோன்றும். ஆனால் பிரேக்கின் பலம் பாரத்துக்காக அமைந்தது. வெறும் லொறியில் பின் சில்லுகளை வீதியோடு அழுத்த எடை இல்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் மழை தூறும்போது ஒரு மிதி கூடினால் பின்பக்கம் வழுக்கிக் குறுக்கே திரும்பும். அங்கேயும் சின்னக் கியர்தான்.