வீடு கட்டும் முன் கையில் இருக்க வேண்டிய வரைபடங்கள்

போளூர் பக்கம் நம் குடும்பங்கள் வீடு கட்டும் முறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிள்ளை சவூதியிலோ துபாயிலோ இருப்பார். ஊரில் அம்மாவோ மாமாவோ முன்நின்று பார்ப்பார்கள். பழக்கமான மேஸ்திரி ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்கிக்கொள்வார். "பிளான் இருக்கிறதா?" என்று கேட்டால், "அப்ரூவலே ஆகிவிட்டதே" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாள் அனுமதி வாங்குவதற்கானது. அதை மட்டும் வைத்து ஒரு வீட்டைக் கட்ட முடியாது என்பதைத்தான் நாம் பலரும் கவனிப்பதில்லை.

அனுமதி வாங்குவது இப்போது எளிதாகிவிட்டது. தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று திட்டத்தின்படி, 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். சுயசான்று என்றால் என்ன பொருள்? கொடுத்த விவரங்கள் சரி என்று உறுதி சொல்வது நாம்தான். தவறு இருந்தால் பொறுப்பும் நம் தலையில்தான் விழும். ஆகவே தாளில் என்ன வரைந்திருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலில் மனை வரைபடம். மனையின் நான்கு பக்க அளவு, தெரு, வீடு அமையும் இடம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், செப்டிக் டேங்க், போர்வெல், மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் இதில் வர வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இந்த வரைபடத்தைப் பட்டாவோடும் புல வரைபடமான எஃப்.எம்.பி.யோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலி இருக்கும் இடமும் ஆவணத்தில் உள்ள எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அதே தாளில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். நமக்கு அது மிக முக்கியம். நம் ஊரில் கிப்லா மேற்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கிட்டால் போளூரிலிருந்து அது நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 டிகிரி சாய்ந்திருக்கிறது. மனையும் திசைக்கு நேராக இல்லாமல் திரும்பியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கழிப்பறைக் கோப்பை கிப்லாவை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ அமையக் கூடாது என்று நினைப்பவர்கள், வீட்டில் தொழுகைக்கு ஓர் இடம் ஒதுக்க நினைப்பவர்கள், இந்தக் கட்டத்திலேயே கிப்லாக் கோட்டை வரைபடத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய் பதித்த பிறகு கோப்பையைத் திருப்புவது என்றால் தரையை உடைக்க வேண்டும். வட்டிக் கடன் வேண்டாம் என்று சேமிப்பைக் கொண்டே கட்டுகிறவர்களுக்கு உடைத்துக் கட்டும் செலவு கூடுதலாகவே வலிக்கும்.

அடுத்தது தளப் படம். நாம் "பிளான்" என்று சொல்வது இதைத்தான். மேலிருந்து பார்த்தால் அறைகள், சுவர்கள், கதவு, ஜன்னல் எப்படித் தெரியும் என்று காட்டுவது. பெரும்பாலும் 1:100 அளவில் இருக்கும். அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 மீட்டர். முகப்புப் படம் வெளிச்சுவர் எப்படித் தெரியும் என்று காட்டும். வாட்ஸ்அப்பில் வரும் வண்ணமயமான முப்பரிமாணப் படத்தைப் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை மயங்கிப்போவது உண்டு. கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதை வைத்து ஒரு செங்கல் கூட வைக்க முடியாது. அதில் அளவே இருக்காது.

வெட்டுப் படத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வீட்டைக் கத்தியால் நெடுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற படம் இது. கடைக்காலின் ஆழம், தெருவிலிருந்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம், கூரை உயரம், படிக்கட்டு எல்லாம் இதில்தான் தெரியும். படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம் என்றால், ஏழு அங்குல உயரத்தில் 18 ஏற்றம் வரும். நடுவில் மடங்கும் படி என்றால் பக்கத்துக்கு 9 ஏற்றம், கால் வைக்க 8 படி. படிக்குப் பத்து அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துக்கு 3 அடி. மொத்தம் 9 அடி 8 அங்குல நீளம் வேண்டும். தளப் படத்தில் 8 அடிதான் விட்டிருந்தால், மேஸ்திரி படியைச் செங்குத்தாக்கி எப்படியாவது மாடிக்கு ஏற்றிவிடுவார். முழங்கால் வலியோடு தினமும் அதில் ஏறி இறங்கப் போவது வீட்டிலுள்ள அம்மாதான்.

இதுவரை சொன்னவை கட்டட வடிவைக் காட்டுபவை. உயிரோடு சம்பந்தப்பட்டது கட்டமைப்பு வரைபடம். கடைக்காலின் அகலம், ஆழம், பில்லரின் அளவு, எந்தக் கம்பி, எத்தனை, எவ்வளவு இடைவெளியில் வளையம், பீமும் ஸ்லாபும் எப்படி என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தருவது இது. கம்பிக்கு வெளியே கான்கிரீட் எவ்வளவு மூட வேண்டும் என்பதும் இதில் இருக்கும். ஐ.எஸ். 456 தரவிதி பில்லருக்கு 40 மில்லிமீட்டர், கடைக்காலுக்கு 50 மில்லிமீட்டர் கேட்கிறது. மூடல் குறைந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அதுவும் அனுமதி பெற்ற கட்டடம்தான். நம் வீடு சிறியது என்றாலும் கேள்வி ஒன்றுதான்: சுமையை யார் கணக்கிட்டது? இங்கே மலையடிவாரத்தில் சில அடியிலேயே பாறை தட்டும் மனையும் உண்டு, ஏரிப் பாசன வயலாக இருந்து மனையான இடமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கடைக்கால் போட முடியாது. "இப்போதைக்குத் தரைத்தளம், தம்பி கல்யாணத்துக்கு மேலே எடுத்துக்கொள்ளலாம்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. அப்படியானால் அதைப் பொறியாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கடைக்காலையும் பில்லரையும் மாடிச் சுமைக்கும் சேர்த்து இப்போதே கணக்கிட்டால்தான் உண்டு.

மின்சார, குழாய் வரைபடங்களைப் பூச்சு வேலையின் போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். ஸ்லாபுக்குள் போகும் மின்குழாயைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கம்பியோடு கட்டிவிட வேண்டும். ஃபேன், ஏசி, இன்வெர்ட்டர் எங்கே என்று அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். உளூச் செய்யும் இடம் வேண்டுமென்றால் அதன் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் அப்படியே.

கதவு, ஜன்னல் அளவுப் பட்டியலும் அலமாரி, சமையல் மேடை போன்றவற்றின் விவரப் படங்களும் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை. கட்டமைப்பு வரைபடம் மட்டும் பொறியாளர் கையெழுத்தோடு வராமல் கடைக்கால் தோண்ட வேண்டாம்.

வேலை நடக்கும்போது மாற்றம் வருவது சகஜம். மாற்றினால் வரைபடத்திலும் மாற்றித் தேதி போடச் சொல்லுங்கள். பழைய தாளை மேஸ்திரியிடமிருந்து திருப்பி வாங்கிவிடுங்கள். ஒரு பிரதி கட்டுமிடத்தில், ஒன்று வீட்டில், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் கைபேசியில். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து இவற்றோடு சேர்த்து வைத்துவிட்டால், பின்னொரு நாள் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.