கூரைச் சேதமும் காப்புறுதி வழக்கும்

வீட்டின் உறுப்புக்களுள் வெயிலையும் மழையையும் காற்றையும் முதலில் எதிர்கொள்வது கூரையே. காப்புறுதி செய்யப்பட்ட வீடுகளில் பிணக்குக்கு இடமாவதும் பெரும்பாலும் அதுவே. தீப்பற்றிய வீட்டில் தீப்பற்றியதா என்று எவரும் வாதிடுவதில்லை. கூரையின் நிலை வேறு. புயல் வீசிய மறுநாட் காலையில் முகடு தாழ்ந்து கிடப்பதை வீட்டுக்காரர் காண்கின்றார். கம்பனியின் மதிப்பீட்டாளரும் காண்கின்றார். முன்னவர் அதனைக் காற்றின் செயல் என்பர். பின்னவர் பல்லாண்டுகளாக உக்கிய மரத்தின் செயல் என்பர். சேதம் உண்டு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அதன் காரணம் யாது என்பதே வழக்கு.

இவ்வேறுபாடு எழுவதற்கு ஒப்பந்தத்தின் தன்மையே அடிப்படை. காப்புறுதிப் பத்திரம் வீட்டைப் பராமரிப்பதற்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியன்று. நிகழுமோ நிகழாதோ என்றிருக்கும் இடர் ஒன்று நிகழ்ந்தால் அதனால் வந்த நட்டத்தை ஈடுசெய்வதாகக் கூறும் ஒப்பந்தமே அது. மரம் உக்குதல், ஆணி துருப்பிடித்தல், கறையான் அரித்தல் என்பன காலம் செல்லச் செல்ல நிகழ்ந்தே தீர்வன. ஆதலின் அவற்றைப் பத்திரங்கள் வெளிப்படையாகவே விலக்கிவிடுகின்றன. நிரூபிக்கும் சுமையும் இதற்கேற்பப் பிரிகின்றது. புயலால் நட்டம் வந்தது என்பதைக் காட்டவேண்டியவர் வீட்டுக்காரர். விலக்கு வாசகம் ஒன்று பொருந்தும் என்பதைக் காட்டவேண்டியது கம்பனி. இரண்டாவது சுமை கம்பனிக்கு உரியது என்பதை அறியாமலே பலர் முதல் மறுப்புக் கடிதத்துடன் அடங்கிவிடுகின்றனர்.

பிரித்தானியாவில் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிக் குறைகேள் சேவை மூன்று வினாக்களை எழுப்புகின்றது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் புயல் வீசியதா? காணப்படும் சேதம் புயல் விளைக்கக்கூடிய வகையினதா? அச்சேதத்துக்குப் புயலே தலைமையான காரணமா? முதல் வினாவுக்கு வானிலை நிலையத்தின் பதிவேடு விடை கூறும். மற்றை இரண்டுக்கும் விடை கூறவேண்டியது கூரைதான்.

காற்று கூரையைக் கீழ்நோக்கி அமுக்குகின்றது என்றே பலர் எண்ணுவர். உண்மையில், தாழ்ந்த சரிவுடைய கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. இவ்வுறிஞ்சல் இறவாரத்திலும் மூலைகளிலும் முகட்டோரத்திலும் மிகுதி. யன்னல் ஒன்று உடைந்து காற்று உள்ளே புகுமாயின், உள்ளிருந்து தள்ளும் விசையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். எனவே புயலால் வரும் சேதம் பெரும்பாலும் ஓரங்களிலே தொடங்கும், ஓடுகள் பெயரும், கைமரங்கள் சுவர்த்தலையை விட்டு எழும். இதற்கு மாறாகக் கூரையின் நடுப்பகுதி தாழ்ந்து, கைமரங்களின் அடி வெளிநோக்கிப் பரவி, சுவரைப் புறத்தே தள்ளியிருப்பின், அது நெடுநாளாக நிகழ்ந்துவந்த தளர்ச்சியையே சுட்டும். அறையை உயர்த்துவதற்காகக் குறுக்கு வளையை அறுத்தெடுத்த வீடுகளில் இக்குறை மலிந்து காணப்படும். அவ்வீடுகளிற் புயல் செய்தது குறையை வெளிப்படுத்தியது மாத்திரமே எனக் கம்பனி வாதிடும்; அவ்வாதம் பலவேளைகளில் நியாயமானதுங்கூட.

முறிந்த மரமும் சான்று கூறும். நல்ல மரம் முறியுமிடத்து நீண்ட சிம்புகளாகப் பிளந்து, முறிவு வெளிறித் தோன்றும். உக்கிய மரம் குறுக்கே மட்டமாக ஒடிந்து, கருமை படர்ந்து, விரலால் நெரிக்க உதிரும். அண்மையிற் சறுக்கிய ஓடு மறைத்திருந்த பகுதி பாசியின்றித் துப்புரவாக இருக்கும். முன்னரே சறுக்கியதாயின் அங்கும் பாசி படர்ந்திருக்கும். உட்கூரையில் ஒன்றன்மேலொன்றாகப் பழுப்பு வளையங்கள் காணப்படின் ஒழுக்குப் பழையது. இவை யாவும் சில நாட்களில் அழிந்துவிடும் சான்றுகள். மேலும் சேதம் வராமல் படங்கு இட்டு மூடுவது வீட்டுக்காரரின் கடமை. ஆயினும், மூடுமுன் நிழற்படம் எடுப்பதும், முறிந்த மரத்தையும் ஓட்டையும் மதிப்பீட்டாளர் காணும்வரை எறியாது வைத்திருப்பதும் அவருக்கே நன்மை தருவன. அவசரப்பட்டுத் தச்சரை அழைத்து யாவற்றையும் புதுப்பித்தவர் தம் சாட்சியைத் தாமே விறகாக்கியவராவர்.

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கூடியவிடத்துச் சட்டம் யாது கூறுகின்றது? இலங்கைச் சட்டம் வேறு விதித்தாலன்றி, ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகியவற்றில் ஆங்கிலச் சட்டமே செல்லும் என 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆதலால் ஆங்கில நீதிமன்றங்களின் தீர்ப்புக்கள் ஈண்டும் கருதற்பாலன. அவற்றுட் புகழ்பெற்றது ஒரு கப்பலைப் பற்றியது. 1915இல் 'இக்காரியா' என்னும் கப்பலைச் செர்மனிய நீர்மூழ்கி டோர்ப்பிடோவால் தாக்கியது. கப்பல் லே ஆவர் துறைமுகத்தை அடைந்தது. அங்கே காற்று எழுந்தமையால் வெளித்துறைக்கு மாற்றப்பட்டு, வற்றும் பெருக்கும் மாறி மாறி வரத் தரைதட்டி மூழ்கியது. பத்திரம் கடலிடரை ஏற்றது; போரிடரை விலக்கியது. 1918இல் பிரபுக்கள் சபை, இறுதியில் வந்தது கடலாயினும் வலிமையாற் காரணமாயது டோர்ப்பிடோவே எனத் தீர்த்தது. அண்மைக் காரணம் என்பதில் அண்மை காலத்தைக் குறிப்பதன்று என்பது இதனாற் பெறப்படும். காற்று ஓட்டைப் பெயர்க்க, அவ்வழியே இறங்கிய மழையால் உட்கூரை விழுமாயின், காற்றே காரணம். உக்கிய வளையை ஒரு சிறு காற்று வீழ்த்துமாயின், உக்கலே காரணம். இரண்டும் ஒத்த வலியுடையனவாகி, அவற்றுள் ஒன்று பத்திரத்தில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருப்பின், விலக்கே மேலோங்கும் என்பது ஆங்கில நெறி.

இவ்விலக்கினை மேலும் இறுக்கிய வாசகம் அமெரிக்கப் பத்திரங்களில் உண்டு. விலக்கப்பட்ட இடர் வேறெந்த இடருடன், எவ்வரிசையிற் கூடி நட்டம் விளைப்பினும் ஈடு இல்லை என்பது அதன் கருத்து. 2005 ஓகஸ்ட் 29ஆந் திகதி கத்ரீனாச் சூறாவளி மிசிசிப்பிக் கரையைத் தாக்கியபோது இவ்வாசகம் சோதனைக்கு உள்ளாயிற்று. முதலில் மணிக்கணக்காகக் காற்று வீசியது. பின்னர்க் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. வீட்டுப் பத்திரங்கள் காற்றை ஏற்று வெள்ளத்தை விலக்கின. வெள்ளத்துக்கு 1968இல் தொடங்கிய கூட்டாட்சித் திட்டம் உண்டு; பலர் அதிற் சேர்ந்திருக்கவில்லை. அத்திவாரத் தளம் ஒன்றே எஞ்சிய இடங்களில், சாட்சி கூறவேண்டிய கூரையையே கடல் கொண்டுபோய்விட்டது. அயல் வீடுகளின் நிலையையும், மரங்கள் சாய்ந்த திசையையும், காற்றும் நீரும் வந்த நேரத்தையும் கொண்டே வல்லுநர் வாதிடலாயினர்.

பஸ்ககூலா நகரத்து வீடொன்றின் கூரையில் ஓட்டுத் தகடுகள் சில மாத்திரமே பெயர்ந்திருந்தன. கீழ்த்தளத்தை நீர் பாழாக்கியது. நட்டம் 1,30,000 டொலருக்கு மேலென உரியவர் கூறினர்; கம்பனி கொடுத்ததோ 1,661 டொலர். நீதிமன்றம் மேலும் 1,228 டொலரே வழங்கியது. 2007இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அவ்வாசகமும் செல்லும் என்றது. ஆயின் 2009 ஒக்ரோபரில் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் வேறு நோக்குக் கொண்டது. நட்டம் நேர்ந்த கணத்திலேயே ஈடுபெறும் உரிமை பிறந்துவிடுகின்றது. காற்றுக் கூரையை முதலில் அழித்திருப்பின், பின்வந்த வெள்ளம் அவ்வுரிமையை அழிக்கமாட்டாது. இரண்டும் ஒருங்கே சேர்ந்து பிரிக்கவியலா நட்டத்தை விளைத்தவிடத்தே அவ்வாசகம் பொருந்தும் என்று அது தீர்த்தது. மேற்கூறிய கூட்டாட்சித் தீர்ப்பினும் இதுவே சட்டத்தின் இயல்போடு பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

காரணம் வீட்டுக்காரருக்குச் சார்பாகத் தீர்ந்த பின்னரும் தொகை பற்றிய பிணக்கு எஞ்சுவதுண்டு. எண்பது இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை ஐம்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவரின் கூரைக்குப் பதினாறு இலட்சம் நட்டம் வந்ததெனக் கொள்வோம். பத்திரத்தில் சராசரி வாசகம் இருப்பின் அவருக்குக் கிடைப்பது பத்து இலட்சமே. எஞ்சிய ஆறு இலட்சத்துக்கு அவரே தமக்குக் காப்புறுதியாளர் என்பது அவ்வாசகத்தின் பொருள். கட்டுமானச் செலவு ஆண்டுதோறும் உயரப் பத்திரத் தொகை உயராது நிற்கும் வீடுகளில் இதுவே நிகழும். கம்பனியின் முடிபை ஏற்காதவர், மறுப்புக்குரிய வாசகத்தை எழுத்திற் கேட்டுப்பெற்று, தாமாக ஒரு பட்டயப் பொறியியலாளரின் அறிக்கையையும் இணைத்து, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழியங்கும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். நீதிமன்றம் அதன் பின்னரும் உண்டு.